கணுக்காலுக்கு இறால் ஐஸ் வைத்த ஜபீன்

ஜபீன் என்ற பெயர் கன்னியம்மாவின் காதில் முதன்முதலாக விழுந்தபோது ஒரு வசவோடு சேர்ந்துதான் விழுந்தது. சுனாமி வந்துபோன மறு வருஷம், மாசி மாதம். புதுவாயல் கூட்ரோட்டில் இருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் திரும்புகிற இடத்தில் கன்னியம்மா நாஷ்டா கடை வைத்திருந்தாள். நைட் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் விடியற்காலையிலேயே வந்து இட்லிக்கு உட்கார்ந்துவிடுவார்கள். கம்பி மில்லில் வேலை செய்கிற சாலமோனும் அப்படி வருகிறவன்தான். மில்லின் பூப்பந்து டீமுக்கு அவன்தான் கேப்டன். அன்றைக்கு அவன் டீ கிளாஸை இடது கையால் தூக்கினான்.

"இன்னாடா, கை மாறிப் போச்சு?" என்று கன்னியம்மா கேட்டாள்.

"ஜபீனாம் ஜபீன். எங்கேந்துதான் வந்து சேந்துதோ. பதினஞ்சு நாளு பேட்டையே தொடக் கூடாதாம்."

"யாருடா அது?"

"மெடிக்கல் ஷாப்புக்குப் பின்னாடி ரூம் போட்டுக்கினு ஒக்காந்துகீதே, பழவேற்காட்டு பாய் ஊட்டுப் பொண்ணு. முழங்கைய ஒரு அமுக்கு அமுக்குச்சு பாரு யக்கா, செத்துப்போன எங்க ஆயாவெல்லாம் வந்து எதுர நின்னுட்டுது. அத்தோட வுட்டுதா? என் பேட்ட வாங்கிப் பாத்துட்டு, 'இன்னாண்ணே, புடி குச்சி ஐஸ் குச்சி மாதிரி கீது, இத்த இறுக்கிப் புடிச்சுப் புடிச்சுதான் கை போச்சு, சைக்கிள் டியூப கிழிச்சு சுத்தித் தடியாக்கு'ன்னுது. இருவது வருசமா ஆடுறவனுக்கு பேட்டு புடிக்க சொல்லித் தருது."

"சுத்துனியா?"

சாலமோன் டீயை ஊதிக் குடித்தான். "சுத்தினேன், சுத்தாம இன்னா பண்றது."

கன்னியம்மா சிரித்துவிட்டாள். திட்டிக்கொண்டே சொன்னபடி கேட்கிறான் என்றால் சொன்னவள் லேசுப்பட்டவளாக இருக்க மாட்டாள் என்று அவளுக்கு அப்போதே பட்டது.

கன்னியம்மாவுக்கு ஒரு ஆளைத் தெரிய வேண்டுமென்றால், அது யார் வீட்டு ஆள், யாருக்கு என்ன முறை என்று முதலில் தெரிந்தாக வேண்டும். விசாரித்தாள். பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்கிற ஹனீப் பாயின் இரண்டாவது பெண். ஹனீப்பின் அக்கா சைதாம்மாவைப் பொன்னேரியில் அரிசி மண்டிக்காரருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த மண்டியில்தான் கன்னியம்மாவின் அம்மா அரிசி புடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். கன்னியம்மாவின் பெரிய தங்கச்சிக்குத் தாலி ஏறியது சைதாம்மா எடுத்துக் கொடுத்த புடவையில். இவ்வளவும் தெரிந்த பிறகு ஜபீன் அசலார் வீட்டுப் பெண்ணாகத் தெரியவில்லை.

சைதாம்மா வயதான காலத்தில் பொன்னேரி ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆனபின், அவளை நடக்க வைக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்து போனாள். அத்தைக்குத் துணையாக அங்கே தங்கியிருந்த ஜபீனுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. கட்டிலை விட்டு எழுப்புவதும், சுவரைப் பிடித்து நிற்க வைப்பதும், திட்டினாலும் விடாமல் அடுத்த அடியை எடுக்க வைப்பதுமாகப் போன அந்த மாதங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தாள். சைதாம்மா தானாக நடந்து அடுப்படிக்குப் போய்த் தன் டீயைத் தானே போட்டுக் குடித்த அன்றைக்கு, "வாப்பா, நான் இதத்தான் படிக்கப் போறேன்" என்று ஹனீப்பிடம் சொல்லிவிட்டாளாம். சென்னையில் தங்கிப் பிசியோதெரபி படித்து முடித்தாள். புதுவாயலில் தாய்மாமன் நடத்திய மெடிக்கல் ஷாப்புக்குப் பின்னால் ஒரு அறையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அறையில் ஒரு கட்டில், வலிக்குக் கரண்ட் வைக்கிற ஒரு பெட்டி, சுவரில் ஒரு எலும்புப் படம். இவற்றோடு ஒரு ஐஸ் பெட்டி. ஹனீப்பின் இறால் வண்டி சென்னைக்குப் போகிற வழியில் தினமும் கூட்ரோட்டில் நின்று அந்தப் பெட்டியில் உடைத்த ஐஸைக் கொட்டிவிட்டுப் போகும். வண்டியில் இறாலோடு வந்த ஐஸ் அது. என்ன கழுவினாலும் வாசனை போகாது. ஜபீனிடம் போய் வந்தவன் எவன் என்று மில்லில் யாரும் கேட்க வேண்டியதில்லை. "எறா காலு வந்துட்டான்டா" என்று கேட்டிலேயே கிண்டல் ஆரம்பித்துவிடும்.

அந்த மில் நிற்கிற நிலத்தில் இவர்களுடைய அப்பன்மார்கள் கூலிக்கு ஏர் ஓட்டினார்கள், அம்மாமார்கள் நாற்று நட்டார்கள். இப்போது பிள்ளைகள் அங்கே இரும்பு காய்ச்சுகிறார்கள். மில்லின் பின்பக்கம் மண்ணைச் சமப்படுத்திக் கோடு போட்டு, இரண்டு கம்பம் நட்டு, வலை கட்டியிருந்தார்கள். பக்கத்துக்கு ஐந்து பேர், மஞ்சள் கம்பளிப் பந்து, மர பேட்டு. ஷிப்டு விட்டதும் முகத்தைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து ஆடுவார்கள். எட்டு மணி நேரம் உலைக்கு முன்னால் விறைத்து நின்ற கால், அடுத்த நிமிஷம் குதிக்கும். அதுவும் என்ன போட்டுக்கொண்டு? முன்னால் இரும்பு மூடி வைத்த கம்பெனி பூட்ஸ். வெறுங்காலோடு ஆடலாம் என்றால் மண்ணெல்லாம் உலைக் கசடு, காலைக் கிழிக்கும். கேன்வாஸ் ஷூ வாங்கு என்றால், கம்பெனி கொடுத்த இத்தனை கெட்டியான பூட்ஸ் இருக்கும்போது துணி ஷூ எதற்கு என்று சிரிப்பார்கள். மாடு மிதித்தாலும் தாங்கும் என்று அதன்மேல் அவர்களுக்கு ஒரு பெருமை. அடி வழவழத்துப் போன அந்த பூட்ஸில் திரும்பினால் பூட்ஸ் ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும்.

கன்னியம்மாவின் தம்பி ராஜமாணிக்கத்துக்கு அப்படித்தான் ஆயிற்று. அப்பா அம்மா போனபின் அவனை வளர்த்ததெல்லாம் கன்னியம்மாதான். டீமில் முன்னால் நின்று பந்தை எடுக்கிறவன் அவன். மில்லில் கான்ட்ராக்ட் ஆள். சிவக்கக் காய்ந்து வருகிற கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் திருப்பிவிடுகிற வேலை. அந்த வருஷம் மேனேஜர், மே தினத்தன்று நடக்கிற கம்பெனிகளுக்கிடையேயான ஃபைனலில் மில்லுக்காக ஆடுகிறவர்கள் கான்ட்ராக்டில் இருந்தால் பர்மனென்ட் ஆக்கிவிடுவதாக வாய்விட்டுச் சொல்லியிருந்தார். கன்னியம்மா அதற்காகத் திருப்பாச்சூர் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் ஒரு சாயங்காலம், வலைக்குப் பக்கத்தில் தாழ்ந்து வந்த பந்துக்குப் பாய்ந்தவனின் வலது கால் பூட்ஸோடு மடங்கிற்று. இரண்டு பேர் தோளில் போட்டுக்கொண்டு வந்து கடை பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

மில்காரர்களுக்கு எந்த வலிக்கும் ஒரே வைத்தியம்தான். உலை வாயில் இருக்கிற செங்கல் ஒன்றை இடுக்கியால் எடுத்துக் கோணியில் சுற்றி, வலிக்கிற இடத்தில் வைப்பது. அந்தச் செங்கல் லேசில் ஆறாது. டீம் பையன்கள் ஷிப்டுக்கு ஷிப்டு மாற்றிப் புதுக் கல் கொண்டுவந்து கொடுத்தார்கள். கன்னியம்மா கடையையும் பார்த்துக்கொண்டு, தம்பி கணுக்காலில் கல்லை மாற்றி மாற்றி வைத்தாள். இரண்டு நாளில் கால் பூசணிக்காய் ஆயிற்று, தோல் கறுத்துப் பளபளத்தது. மூன்றாம் நாள் அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஜபீனிடம் போனாள்.

அங்கே போய்த்தான் அவளை முதன்முதலில் பார்த்தாள். ஒல்லியாக, தலையில் முக்காடு போட்டு, கையில் வாட்ச் கட்டிய ஒரு பெண். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடு வச்சீங்களா அக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாளா வச்சிக்கினே கீறேன் பாப்பா. கல்லு ஆறவே உடல," என்று கன்னியம்மா பெருமையாகத்தான் சொன்னாள்.

ஜபீன் முகம் சுளிக்கவில்லை. "அது நல்ல கல்லுதான். பழைய இடுப்பு வலிக்கு வர்றவங்களுக்கு நானே மில்லுலேந்து கேட்டு வாங்கி வைக்கிறேன். புதுசா பொரண்ட காலுக்கு மட்டும் அது ஆவாது. உள்ள நாரு அறுந்து ரத்தம் கசியுது இல்ல, சூடு பட்டா இன்னும் கசியும். மொதல்ல எலும்பு இன்னா ஆச்சுன்னு பாக்கணும். பொன்னேரி ஆஸ்பத்திரில படம் புடிச்சுக்கினு வாங்க."

எலும்பு உடையவில்லை. ஜபீன் இறால் ஐஸை ஈரத்துண்டில் சுற்றிக் கணுக்காலில் வைத்தாள். வெறும் ஐஸைத் தோலில் வைக்காதே, மரத்துப் போகிறவரை வைக்காதே, எடுத்து எடுத்து வை என்று காட்டிக் கொடுத்தாள். இழுபடுகிற பேண்டேஜை விரலில் இருந்து மேலே சுற்றினாள். தலையணை மேல் காலைத் தூக்கி வைக்கச் சொன்னாள். கன்னியம்மாவின் கண்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. இட்லித் துணி விரிக்கிற மாதிரி, சுருக்கமே இல்லாமல் கட்டு வந்தது.

வீக்கம் வடிந்தபின் பயிற்சி ஆரம்பமாயிற்று. "கட்டை விரல பேனான்னு நெனச்சுக்கோங்க அண்ணே. காத்துல அ எழுதுங்க, ஆ எழுதுங்க. அக்கு வரைக்கும் போங்க," என்றாள் ஜபீன்.

கன்னியம்மா எழுந்தே விட்டாள். "இன்னா பாப்பா இது. எழுத்த போய்க் காலால எழுதறதா? பொஸ்தகத்துல கால் பட்டாலே கண்ணுல ஒத்திக்கிறோம்."

ஜபீன் யோசித்தாள். "சரி, கோலம் போடட்டும்."

"அது லட்சுமி."

"நம்பரு?"

"அதுவும் எழுத்துதானே."

கட்டிலில் இருந்த ராஜமாணிக்கம், "நீ உடவே மாட்டியாக்கா," என்று தலையில் அடித்துக்கொண்டான். ஜபீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். "அப்ப எறா வரைங்க. தலை, வளைஞ்ச முதுகு, வாலு, மீசை ரெண்டு. எறா மேல யாருக்கும் ஆட்சேபண கெடையாதே?"

கன்னியம்மாவுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அன்று முதல் ராஜமாணிக்கம் காற்றில் காலால் இறால் வரைந்தான். கடைக்கு வருகிறவர்கள், "இன்னைக்கு வலையில எவ்ளோ மாட்டுச்சு நைனா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

மே தினத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவன் நொண்டாமல் நடந்தான். சாலமோன் அவனையும் கன்னியம்மாவையும் கூட்டிக்கொண்டு ஜபீனின் அறைக்கு வந்தான்.

"இறுக்கிக் கட்டி உட்டுரு பாப்பா. ஒரே மேட்ச்சு. அவன் பர்மனென்ட் ஆயிட்டா அப்புறம் மாசக்கணக்குல கூட ஒக்காரட்டும்."

கன்னியம்மாவும் அதற்காகத்தான் வந்திருந்தாள். "ஆமா பாப்பா, கொஞ்சம் பாத்து செய்," என்றாள்.

"நடக்குறது வேற, ஆடுறது வேற. ராஜமாணிக்கம் அண்ணே, அந்தக் கால்ல மட்டும் நில்லுங்க. கண்ண மூடிக்குங்க."

அவன் நின்றான். கண்ணை மூடியதும் கணுக்கால் கிடுகிடுவென்று ஆடிற்று. சாய்ந்தவனைச் சாலமோன் பிடித்துக்கொண்டான்.

"கண்ண மூடுனா எவன்தான் நிப்பான்?" என்றான் சாலமோன்.

"நீங்க நில்லுங்க பாப்போம்."

சாலமோன் ஒற்றைக் காலில், கண்ணை மூடிக்கொண்டு, கொக்கு மாதிரி நின்றான். நிற்கிறேன் பார் என்று நடுவில் கழுத்தை வேறு சொறிந்துகொண்டான். சொறிந்து முடித்த பிறகுதான், தான் நின்றது ராஜமாணிக்கத்துக்கு எதிராகப் போய்விட்டது என்று புரிந்து காலைக் கீழே வைத்தான்.

ராஜமாணிக்கம் நல்ல காலில் நின்று காட்டினான். மறுபடி வலது காலில் ஏறினான். மறுபடி விழுந்தான்.

ஜபீன் கன்னியம்மாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "கால் எங்க கீதுன்னு அந்தக் காலுக்கே இன்னும் தெரியல அக்கா. கிரவுண்டுல வுழுந்தா மண்ணு. திரும்பவும் நாரு அறுந்துதுன்னா இது எப்பவும் மடங்குற காலாயிடும். அப்புறம் மில்லுல, கம்பி வர்ற நேரத்துல மடங்குனா?"

கன்னியம்மா அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. சிவந்த கம்பி சில சமயம் உருளைக்குள் போகாமல் தடம் மாறிப் பாம்பு மாதிரி வெளியே பாயும். அந்த நேரத்தில் ஒரு தாவு தாவத் தெரியாதவனுக்கு என்ன ஆகும் என்று மில்லைச் சுற்றி இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அவள் கடைக்கு எதிர் வீட்டிலேயே அப்படி ஒருவன் இருந்தான், தொடைக்குக் கீழே ஒன்றும் இல்லாமல்.

"நான் கட்டி அனுப்ப மாட்டேன்," என்றாள் ஜபீன். "வேற யாராச்சும் கட்டுனா என்னால தடுக்க முடியாது. முடிவு உங்க ஊட்டுது."

"ஆட மாட்டான்," என்றாள் கன்னியம்மா, சாலமோனைப் பார்த்து.

"அக்கா, என் பொழப்பு போச்சுன்னா நீயா சோறு போடுவ?" என்று ராஜமாணிக்கம் கத்தினான்.

"இப்ப யாருடா போட்டுக்கினு கீறா?"

ஃபைனல் அன்று ஜபீன் மைதானத்துக்கே வந்துவிட்டாள், ஐஸ் பெட்டியோடு. கூட ஹனீப் பாயும் வந்திருந்தார். அவளைக் கேட்டு வந்த மண்ணடி மாப்பிள்ளை வீட்டார், ஆம்பிளைகள் காலைப் பிடிக்கிற வேலையை விட்டுவிட்டால் கல்யாணம் என்று சொல்லி, அவள் மாட்டேன் என்றதால் சம்பந்தம் முறிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிற நேரம். ஹனீப் பாயோ பெட்டியின் ஒரு பக்கக் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆட்டம் தொடங்குமுன் ஜபீன் மில் டீமை வரிசையாக நிறுத்தி மெல்ல ஓட வைத்தாள், குதிகாலைத் தூக்கி இறக்க வைத்தாள், தோளைச் சுழற்ற வைத்தாள். "இன்னாடா, ஆட வந்தீங்களா, டான்ஸ் கத்துக்க வந்தீங்களா?" என்று எதிர் டீம் பக்கம் இருந்து சத்தம் வந்தது. சாலமோன் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டே குதித்தான்.

மில் டீம் தோற்றது. ராஜமாணிக்கத்துக்குப் பதிலாக முன்னால் நின்றவன் வலையோரப் பந்துகளைக் கோட்டைவிட்டான். ஆனாலும் ஆடினான் அல்லவா, மேனேஜர் சொன்ன சொல்படி அவனைப் பர்மனென்ட் ஆக்கினார். ராஜமாணிக்கம் கான்ட்ராக்டிலேயே இருந்தான்.

அதற்கப்புறம் அவன் அக்காவிடம் பேசவில்லை. சாப்பாட்டை வேறு கடையில் வைத்துக்கொண்டான். இருந்தாலும் சாயங்காலம் ஜபீனின் அறைக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. "உங்க தம்பி இன்னைக்கு மணல் மூட்டை மேல ஒத்தக் கால்ல நின்னாரு அக்கா," என்று ஜபீன் போகிறபோது வருகிறபோது கடையில் சொல்லிவிட்டுப் போவாள். கன்னியம்மா அதை வைத்துத்தான் அவன் நிலைமையைத் தெரிந்துகொண்டாள். கண்ணை மூடி அந்தக் காலில் அசையாமல் நின்ற பிறகுதான் ஜபீன் அவனைக் கம்பிக்கு முன்னால் நிற்க விட்டாள். அதுவரை மில்லில் கசடு அள்ளினான்.

ஜபீன் அதோடு விட்டிருக்கலாம், அவளுக்கு இருந்த வேலையே போதும். அவள் மேனேஜரைப் போய்ப் பார்த்தாள். விளையாட்டில் கால் பிசகி எத்தனை பேர் எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை என்று உங்கள் டைம் ஆபீஸிலேயே கேளுங்கள் என்றாள். அவரும் கேட்டார். மனுஷர் நியாயஸ்தர். டீமுக்குக் கேன்வாஸ் ஷூ வந்தது. மைதானத்தில் கசடு பொறுக்கி, புதுமண் அடித்து, ஆடுமுன் தண்ணீர் தெளித்து, உலர விட்டார்கள். நைட் ஷிப்டு முடித்த கையோடு யாரும் ஆடக் கூடாது என்று சாலமோனே சட்டம் போட்டான். அது தன் யோசனை என்றுகூட நாலு இடத்தில் சொல்லிக்கொண்டான். ஜபீன் மறுக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மத்தியானம் ராஜமாணிக்கம் கடைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். சட்டையில் ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது. கன்னியம்மா தட்டு வைத்தாள். அவன் சாப்பிட்டு முடித்தான்.

"கம்பி வெளிய வந்துச்சு," என்றான் பிறகு. "நேரா என் பக்கம்."

"அப்புறம்?"

"தாவிட்டேன்."

"எந்தக் கால்ல?"

"அந்தக் கால்லதான். வேற கால் எடுக்க நேரமில்ல." கையைக் கழுவிக்கொண்டே, "சாம்பார்ல உப்பு கம்மி," என்றான்.

கன்னியம்மா உள்ளே போய்ச் சாம்பாரில் உப்புப் போட்டாள். பிறகு டீ குடிக்க வந்திருந்த சாலமோனைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மழையில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு ஜபீனின் அறைக்குப் போனாள். வாசலில் நின்று முந்தானையைப் பிழிந்துகொண்டாள். "எனுக்கும் இந்தத் தோளு ரொம்ப நாளா வலிக்குது பாப்பா, மாவு ஆட்டி ஆட்டி," என்றாள். ஜபீன் கையைத் துடைத்துக்கொண்டு அவளைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள்.

ராஜமாணிக்கத்துக்கு இரண்டு வருஷம் கழித்து, சர்வீஸை வைத்தே பர்மனென்ட் வந்தது. அவன் கல்யாணத்துக்கு ஹனீப் பாய் வீட்டில் இருந்து ஒரு பெட்டி இறால் வந்தது, பழைய உறவு விட்டுப்போகக் கூடாது என்று. ஜபீனுக்கும் நல்ல இடம் அமைந்தது. இஜாஸ் என்ற அந்தப் பையன் பார்க்க வந்த அன்று, வேலையை விட வேண்டுமா என்று ஹனீப் பாய் கேட்டாராம். எங்கள் ஊரில் இப்படி ஒருத்தர் இல்லை, அங்கே வந்தும் செய்யட்டும் என்றானாம்.

ஜபீன் இப்போது மீஞ்சூரில் இருக்கிறாள். ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில், இஜாஸின் மருந்துக் கடைக்குப் பக்கத்து அறையில் வைத்தியம் பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் தொழுகைக்காக அறை மூடியிருக்கும்.